இரண்டு நாள் பயிற்சி போதுமா? சமூகத் திறன் குழு நடத்தும் ஒரு தெரபிஸ்டின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். இதற்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

கேட்டவர் ஒரு பேச்சுத் தெரபிஸ்ட். மற்றவர்களோடு பேசவும் விளையாடவும் பழகவும் குழந்தைகளைச் சேர்த்துவைத்துச் சொல்லிக்கொடுப்பதைத்தான் 'சமூகத் திறன் குழு' என்கிறோம். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். "இரண்டு வருடமாகக் குழந்தைகளுக்குச் சமூகத் திறன் குழு நடத்துகிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகள்தான் அதிகம். இதற்காக இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சி முடித்துச் சர்டிஃபிகேட் வாங்கியிருக்கிறேன். அறைக்குள் குழந்தைகள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் செய்கிறார்கள். வெளியே போனால் பழையபடிதான் என்று பெற்றோர் சொல்கிறார்கள். எனக்குப் பயிற்சி போதவில்லையா? அடுத்து எந்தப் பயிற்சியில் சேரலாம்?"

வெளியே என்ன நடக்கிறது என்று பெற்றோரைக் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதுவே பெரிய விஷயம். பத்து தடவையில் ஒன்பது தடவை ஹலோ சொல்லிவிட்டான், இலக்கு முடிந்தது என்று ஃபைலை மூடிவிடுகிற இடங்கள் நிறைய உண்டு.

அப்புறம், இது உங்கள் ஒருவருடைய குறை இல்லை. ஸ்காட் பெல்லினியும் அவரோடு வேலை செய்தவர்களும் 2007-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பள்ளியில் நடந்த சமூகத் திறன் பயிற்சிகளைப் பற்றிய 55 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பலன் குறைவு, கற்றது வேறு இடத்துக்கும் வேறு ஆட்களிடமும் போய்ச் சேர்வது அதைவிட ஏமாற்றம் என்றுதான் தெரிந்தது. குழந்தையைத் தனி அறைக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்ததைவிட, அது வழக்கமாக இருக்கும் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தபோது பலன் கூடுதலாக இருந்தது. அதற்கும் 30 வருடம் முன்னால், 1977-இல், ஸ்டோக்ஸ், பேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: 'ட்ரெயின் அண்ட் ஹோப்'. சொல்லிக்கொடுத்துவிட்டு, தானாக வெளியேயும் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பது. தானாக வராது. அதையும் சேர்த்துத் திட்டமிட்டால்தான் வரும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்தப் பயிற்சி? பெயர் சொல்வதற்கு முன்னால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு 'முறை வைத்து விளையாடுவது' சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? 40 ஸ்லைடு போட்டு விளக்கி, கடைசியில் பத்து கேள்வி கேட்டு, சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்புவீர்களா? மாட்டீர்கள். என்ன செய்யவேண்டும் என்று எளிமையாகச் சொல்வீர்கள், செய்து காட்டுவீர்கள், குழந்தையைச் செய்ய வைப்பீர்கள், அது செய்யும்போதே கூட இருந்து திருத்துவீர்கள். சரியாக வரும்வரை கடைசி இரண்டையும் திரும்பத் திரும்பச் செய்வீர்கள். இதற்கு 'பிஹேவியரல் ஸ்கில்ஸ் ட்ரெயினிங்' என்று பெயர். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் இல்லை, தெரபிஸ்டுகளையும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் பழக்குவதற்கும் நல்ல ஆதாரம் உள்ள முறை இதுதான்.

இப்போது நீங்கள் முடித்த இரண்டு நாள் பயிற்சியை இதில் வைத்துப் பாருங்கள். சொன்னார்கள். ஒருவேளை வீடியோ போட்டுக் காட்டியும் இருப்பார்கள். நீங்கள் ஒரு குழந்தையோடு செய்வதை யாராவது பார்த்தார்களா? பார்த்துவிட்டு, இந்த இடத்தில் இப்படி மாற்றுங்கள் என்று சொன்னார்களா? இல்லையென்றால் உங்களுக்குப் பாதிப் பயிற்சிதான் கிடைத்திருக்கிறது. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980-களிலேயே இதைத்தான் சொன்னார்கள். விளக்கம் கேட்டு, செய்துகாட்டுவதைப் பார்த்து, அதோடு நின்றுவிட்டவர்கள் அதை வகுப்பறைக்குக் கொண்டுபோவது அபூர்வம், வேலை செய்யும் இடத்திலேயே ஒருவர் கூட இருந்து பழக்கினால்தான் போய்ச் சேரும் என்று. நம் குழந்தைகளுக்கு உள்ள அதே சிக்கல்தான் நமக்கும்.

என் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு ஒரு மூத்த தெரபிஸ்ட் சூப்பர்வைசராக இருந்தார். என் செஷன் ஒன்றை வீடியோ எடுத்துவரச் சொன்னார். நன்றாகப் போன செஷன் என்று நினைத்து நானே ஆசையாகத்தான் கொண்டுபோனேன். அதில் ஒரு குழந்தையிடம், "உன் ஃப்ரெண்டுக்கு இப்போ எப்படி இருக்கும்?" என்று கேட்கிறேன். அவர் வீடியோவை நிறுத்தினார். பின்னால் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி ஓடவிட்டார். இரண்டு விநாடி ஆவதற்குள் பதிலை நானே சொல்லிவிட்டேன். இருபது நிமிட வீடியோவில் பதினொரு இடத்தில் இப்படி. அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு, குழந்தையின் முகத்தை மட்டும் பாருங்கள் என்றார். உதடு பிரிகிறது, பேசப் போகிறான். அதற்குள் என் கை குறுக்கே வருகிறது, நான் பேச ஆரம்பிக்கிறேன், அவன் வாயை மூடிக்கொள்கிறான்.

அடுத்த செஷனில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் கேள்வி கேட்டதும் மேசைக்குக் கீழே ஐந்து விரலை விரித்து, ஒவ்வொன்றாக மடக்கினார். ஐந்தும் மடங்கும்வரை நான் பேசக்கூடாது. மூன்றாவது கேள்வியில், நாலாவது விரல் மடங்கும்போது, குழந்தை பதில் சொன்னான். நான் பல மாதமாக 'பேச மாட்டான்' என்று எழுதி வைத்திருந்த குழந்தை. 'காத்திருங்கள்' என்பதை நான் எத்தனையோ வகுப்பில் கேட்டிருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். என் கைக்கு அது வந்தது அந்த மேசையில்தான்.

அதனால் அடுத்த பயிற்சியைத் தேடும்போது எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். என் செஷனை யார் பார்ப்பார்கள், எத்தனை தடவை பார்ப்பார்கள், பார்த்தபின் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். "நன்றாக இருந்தது, தொடருங்கள்" என்பது ஃபீட்பேக் ஆகாது. "கேள்வி கேட்டதும் ஐந்து விநாடி பொறுங்கள்" என்பது ஃபீட்பேக். பார்க்கவே மாட்டோம் என்று சொன்னால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள், அறிவு சேர்க்க இலவசமாகவே நல்ல வழி இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உள்ள ஃபிராங்க் போர்ட்டர் கிரகாம் நிறுவனம் நடத்தும் 'அஃபர்ம்' என்ற ஆன்லைன் பாடங்களைப் பாருங்கள். ஆட்டிசத்துக்கு ஆதாரம் உள்ள முறைகள் என்று அதே நிறுவனத்திலிருந்து 2020-இல் வந்த அறிக்கை 28 முறைகளைப் பட்டியலிட்டது. சமூகத் திறன் பயிற்சியும் அதில் இருக்கிறது, சக குழந்தைகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் இருக்கிறது. பாடங்கள் ஆங்கிலத்தில்தான், ஆனால் படிப்படியாகப் போகும்.

இன்னொன்று. நல்ல பயிற்சி உங்களுக்கு முதலில் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு குழந்தை மற்றவர்களோடு சேரவில்லை என்றால், அதற்கு எப்படிச் சேர்வது என்று தெரியவில்லையா? தெரியும், ஆனால் அந்த இடத்தின் இரைச்சலிலும் பதற்றத்திலும் செய்ய முடியவில்லையா? அல்லது இப்போதைக்குத் தனியாக இருக்கத்தான் பிடித்திருக்கிறதா? மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதல் குழந்தைக்குத்தான் பாடம் வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு மறுபடி மறுபடி பாடம் எடுத்தால், தெரிந்ததையே சொல்லி அலுப்பூட்டுகிறோம். அதற்கு வேண்டியது இரைச்சல் குறைந்த மூலை, சின்னக் குழு, இல்லையென்றால் கூட நிற்கிற ஒரு தோழன். மூன்றாவது குழந்தையை விட்டுவிடலாம், ஓய்வு எடுக்க அதற்கு உரிமை இருக்கிறது. உங்கள் குழுவில் 'அறைக்குள் எல்லாம் செய்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்களில் பலர் இரண்டாவது வகையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இல்லையென்றால் நாம் சொல்லிக்கொடுத்ததே தவறாக இருக்கலாம். இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்னிடம் வந்த ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு, விளையாடுகிறவர்களிடம் போய், "நானும் வரலாமா?" என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தேன். அறைக்குள் பிரமாதமாகச் செய்தான். ஒரு நாள் அவன் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்துப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். இவன் நடுவில் போய் நின்று, நான் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியத்தை, அதே குரலில் சொல்கிறான். யார் காதிலும் விழவில்லை. ஓடுகிற பிள்ளைகளில் யார் நின்று பதில் சொல்வார்கள்? மறுபடி சொன்னான். மூன்றாவது தடவை யாருமில்லாத பக்கம் திரும்பிச் சொன்னான். அப்புறம் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

அதே மைதானத்தில் இன்னொரு பிள்ளை தாமதமாக வந்தான். அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். யார் துரத்துகிறார்கள் என்று புரிந்ததும் ஓட ஆரம்பித்தான். அவ்வளவுதான், சேர்ந்தாயிற்று. பிள்ளைகள் விளையாட்டில் சேர்வதைக் கவனித்தவர்கள் பல வருடமாகச் சொல்வதும் இதுதான்: முதலில் பார், என்ன நடக்கிறதென்று புரிந்துகொள், அதற்குள்ளேயே நுழை. நான் சொல்லிக்கொடுத்தது பெரியவர்களின் மரியாதை. பிள்ளைகளின் உலகத்தில் அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் எலிசபெத் லாகஸனும் ஃப்ரெட் ஃபிராங்கலும் வளரிளம் பிள்ளைகளுக்காக உருவாக்கிய 'பியர்ஸ்' திட்டத்தில் எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று பெரியவர்கள் நினைப்பதைச் சொல்லிக்கொடுக்காமல், நண்பர்கள் உள்ள பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலில் வெளியான கையேட்டின்படி 14 வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம். அதே நேரத்தில் பெற்றோருக்கும் தனிக் குழு நடக்கும், அந்த வாரப் பாடத்தை வீட்டில் எப்படித் தொடர்வது என்று அவர்களும் கற்பார்கள். உங்கள் குழுவில் பெற்றோர் வெளியே காத்திருக்கிறார்களா, உள்ளே கற்கிறார்களா?

சக பிள்ளைகளையும் விட்டுவிடக்கூடாது. கோனி கசாரி குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண வகுப்பில் படிக்கும் ஆட்டிசம் உள்ள 60 குழந்தைகள் இருந்தார்கள். வகுப்புத் தோழர்களுக்கும் பயிற்சி கொடுத்த குழுக்களில், அந்தக் குழந்தைகளை நண்பன் என்று சொன்னவர்கள் கூடினார்கள், மைதானத்தில் தனியாக நிற்பது குறைந்தது. குறை ஒரு குழந்தைக்குள்ளேயே இருப்பதாக நினைத்து அதை மட்டும் தனியே கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சில பயிற்சிகளில் இன்னும், 'ஐந்து விநாடி கண்ணைப் பார்க்க வேண்டும்', 'கையை ஆட்டாமல் உட்கார வேண்டும்' என்று இலக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட பயிற்சியில் சேராதீர்கள். டேமியன் மில்டன், அவரே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர், 2012-இல் 'இருபக்கப் புரிதல் சிக்கல்' என்ற கருத்தை எழுதினார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கும் அவர்களைப் புரியவில்லை என்பதுதான் அதன் சாரம். 2020-இல் கேத்தரின் கிராம்டன் குழுவினர் ஒரு கதையை எட்டு எட்டுப் பேராக வரிசையில் ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களாக இருந்த வரிசையில், ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசைக்கு இணையாகவே கதை போய்ச் சேர்ந்தது. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதறியது. தன்னை மறைத்துக்கொண்டு மற்றவர்களைப் போல நடித்துப் பழகுகிறவர்களுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் இருக்கின்றன. நாம் சொல்லிக்கொடுப்பது அந்த நடிப்பாக இருந்துவிடக்கூடாது. இலக்கு எழுதும் முன்னால், இது குழந்தைக்கு வேண்டியதா, பார்க்கிறவர்களுக்கு வேண்டியதா என்று கேளுங்கள். பேசத் தெரிந்த குழந்தை என்றால் அதனிடமே கேளுங்கள்.

சூப்பர்வைசர் கிடைக்கவில்லையே என்று கேட்பீர்கள். கிடைக்கும்வரை, உங்களைப் போல வேலை செய்கிற இன்னொருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, மாதம் ஒரு செஷனில் பத்து நிமிடம் மட்டும் வீடியோ எடுங்கள். இருவரும் சேர்ந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எண்ணுங்கள். ஒரு மாதம் காத்திருக்கும் நேரம், இன்னொரு மாதம் குழந்தைகள் உங்களிடம் பேசாமல் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்ட தடவைகள். இந்த இரண்டாவது எண்ணிக்கை முதல் தடவை எல்லோரையும் அதிரவைக்கும், நானும் அதிர்ந்தேன். குழு என்று பெயர், பேச்சு முழுக்க என் வழியாகவே போய்க்கொண்டிருந்தது.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் குழுவிலிருந்து ஒரே ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடமும் பள்ளியிடமும் கேட்டுக்கொண்டு, இடைவேளையில் மைதானத்தின் ஓரத்தில் இருபது நிமிடம் உட்காருங்கள். எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், குழந்தையைக் கூப்பிடவும் வேண்டாம். அது எங்கே நிற்கிறது, யாரைப் பார்க்கிறது, யார் அதன் பக்கம் வருகிறார்கள், பக்கத்தில் மற்ற பிள்ளைகள் எப்படிச் சேர்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயர் இல்லாமல் அந்தக் குறிப்பை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்தப் பயிற்சி என்பதை அதை வைத்துப் பேசலாம்.