ஜாக்கி எங்கே இருக்கிறது? பிக்கப் வண்டியில் வீணாகும் இடம் – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். போன காணொளியில் தார்ப்பாய் முடிச்சுகளைப் பற்றிப் பேசினேன் அல்லவா, அதற்கு வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவில்லை. உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, புதிதாகப் பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறேன். கயிறு, தார்ப்பாய், ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர் கேன் இதையெல்லாம் வைக்க இடமே இல்லை. அமெரிக்க வண்டிகளில் பின்பாடியின் பக்கச் சுவருக்குள்ளேயே பூட்டுப் போட்ட பெட்டி இருக்கிறது. நம் வண்டிகளில் ஏன் இல்லை? வெல்டிங் வைத்து நானே செய்துகொள்ளலாமா?"

தம்பி, முதலில் அந்த அமெரிக்கப் பெட்டியைப் பார்த்துவிடுவோம். நீங்கள் பார்த்தது ராம் வண்டியாக இருக்கும். 2009 மாடலிலிருந்து அதில் அப்படியொரு பெட்டி வருகிறது. அங்கே பிக்கப் வண்டியின் பாடி தாழ்வாக இருக்கும். பின் சக்கரத்தின் மேல்வளைவு பாடிக்குள்ளேயே புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்புக்கு முன்னாலும் பின்னாலும் சுவருக்குள் இருக்கிற இடம் எதற்கும் உதவாமல் கிடந்தது. அதைத்தான் பெட்டியாக்கினார்கள். நம் வண்டி அப்படியா? சக்கரத்துக்கு மேலே சமதளமாகப் பலகை போட்டது போல பாடி. பின்கதவு மட்டுமல்ல, பல வண்டிகளில் பக்கக் கதவுகளும் கீழே மடங்கும். மார்க்கெட்டில் மூன்று பக்கமும் ஆள் நின்று கையால் ஏற்றி இறக்குகிறோமே, அதற்காக. மடங்குகிற கதவுக்குள் பெட்டி வைக்க முடியாது. ஆகவே நமக்கு மிச்சமிருக்கும் இடம் சுவரில் இல்லை, பாடிக்கு அடியில் இருக்கிறது. வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், சேஸிஸ் சட்டத்துக்கு (வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டம்) வெளியே, ஒரு அரிசி மூட்டையைப் படுக்க வைக்கிற அளவுக்கு வெற்றிடம் தெரியும்.

அங்கே என்ன வைப்பது என்று சொல்வதற்கு முன்னால், நான் எப்போதும் சொல்கிற விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன். பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளை எங்கே வைத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: லோடு இறக்காமல் இது என் கைக்கு எட்டுமா?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு நான் கேரளத்துக்கு ஓட்டிய காலம். பழனி தாண்டி மடத்துக்குளத்துக்கு முன்னால், ராத்திரி ஒரு மணிக்குப் பின் சக்கரம் பஞ்சர். தூறல் வேறு. ஸ்டெப்னி சேஸிஸுக்கு அடியில் தொங்குகிறது, சரி. ஜாக்கி? பாடியின் முன் மூலையில். அதன் மேல் ஐந்து அடுக்குத் தக்காளிப் பெட்டி. ஸ்டெப்னியை இறக்குகிற கம்பியும் அதே மூலையில். ஒரு பெட்டி 14 கிலோ. கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயை விலக்கி, நாற்பது பெட்டிகளைச் சாலையோரச் சேற்றில் ஒன்றொன்றாக இறக்கி வைத்தேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கையை விட்டுத் துழாவியபோது, ஜாக்கி மேலெல்லாம் நசுங்கிய தக்காளிச் சாறு பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. மறுபடி அத்தனையையும் ஏற்றிக் கட்டிப் போய்ச் சேர்ந்தபோது சந்தை முடிகிற நேரம். நல்ல விலைக்குப் போக வேண்டிய சரக்கைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து என் வண்டியில் ஜாக்கி லோடுக்கு அடியில் போனதே இல்லை.

அதனால்தான் ஹோண்டா ரிட்ஜ்லைன் என்கிற வண்டியைப் பார்த்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. பாடியின் தரையையே மூடியாக்கி, அதற்கு அடியில் பூட்டுகிற பெரிய பெட்டி வைத்திருக்கிறார்கள். வேலைப்பாடு அருமை. கடைக்குப் போய் வருகிற குடும்பத்துக்கு அது வரப்பிரசாதம். ஆனால் மேலே ஒரு டன் சரக்கு இருக்கும்போது அந்த மூடியை யார் திறப்பது? மறுபடியும் மடத்துக்குளம் கதைதான்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டீர்கள். சேஸிஸ் சட்டத்தில் வேண்டவே வேண்டாம், தம்பி. சூடு பட்ட இடத்தில் இரும்பின் தன்மை மாறும். லோடோடு குழியில் இறங்கி ஏறும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதிதாகத் துளை போடுவதும் தப்பு. வண்டியின் பாரம் முழுக்க அந்த விளிம்புகளில்தான் இழுபடுகிறது. சட்டத்தின் பக்கவாட்டில் கம்பெனியே விட்டிருக்கும் துளைகளில் கோணச் சட்டம் வைத்து போல்ட் போட்டுப் பெட்டியைத் தொங்கவிடுங்கள். பெட்டியைத் தனியே கீழே வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் வெல்டிங் செய்துகொள்ளுங்கள். மாட்டும் இடத்தில் டீசல் குழாய், பிரேக் குழாய், ஒயர் ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். சைலன்சர் பக்கம் தவிர்த்துவிடுங்கள்.

முடிந்தால் இடப்பக்கம் வையுங்கள். நாம் ஓரம் கட்டுவது இடப்பக்கம். பெட்டியைத் திறக்க நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் லாரி போகக் கூடாது. பெட்டி பாடியின் அகலத்தை விட்டு வெளியே நீட்டக் கூடாது. அடித்தகட்டில் சுண்டுவிரல் நுழைகிற அளவு இரண்டு துளை, மழைத்தண்ணீர் வடிய. உள்ளே பழைய டயர் டியூபை வெட்டி விரித்து, ஸ்பேனர்களைச் சாக்கில் சுற்றி வைத்தால் கடகடவென்ற சத்தம் இருக்காது. சத்தம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ராத்திரி ஓட்டுகிறவனுக்கு வண்டியின் சத்தம்தான் முதல் எச்சரிக்கை. பெட்டி போடும் சத்தத்தில் சக்கரம் போடும் சத்தம் மறைந்துவிடக் கூடாது.

கேபினுக்குள்? உங்கள் வண்டிக்கு மூக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொலிரோ போல எஞ்சின் முன்னால் பானெட்டுக்குள் இருந்தால் சீட்டுக்கு அடியில் எதையாவது வைக்கலாம். குட்டி யானை என்கிற டாடா ஏஸ், தோஸ்த் போன்ற வண்டிகளில் எஞ்சினே சீட்டுக்கு அடியில்தான். அங்கே துணி, பிளாஸ்டிக், எண்ணெய் டப்பா எதுவும் கூடாது. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கு நான் சொல்வது இது: ஒரு பழைய அரிசிச் சாக்கைத் தையல்காரரிடம் கொடுத்து நான்கு பைகள் வைத்துத் தைத்து, மேலே கம்பியில் தொங்கவிடுங்கள். கையுறை, டார்ச், பல்பு, ஃபியூஸ், மருந்து எல்லாம் அதில் அடங்கும். தண்ணீர் பாட்டிலைத் தரையில் உருள விடாதீர்கள். பிரேக் பெடலுக்கு அடியில் பாட்டில் போய் அடைத்துக்கொண்டால் பெடல் இறங்காது. இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் கையகலச் சந்தில் சிலர் கம்பி, கட்டை எல்லாவற்றையும் செருகி வைக்கிறார்கள். இரண்டும் தனித்தனியாக அசைபவை. இறுக்கமாகச் செருகினால் கேபின் தகடு தேய்ந்து துருப்பிடிக்கும். கேபின் மேல் கேரியரில் தார்ப்பாயும் கயிறும் போதும். ஈரத் தார்ப்பாயை மட்டும் மடித்து வைக்காதீர்கள், அதைப் போன முறையே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. பெட்டியும் சாமான்களும் சேர்ந்து எளிதாக நாற்பது ஐம்பது கிலோ வரும். அதுவும் லோடு கணக்குதான். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அது முக்கால் டன் வண்டி. அதில் ஐம்பது கிலோ என்றால் மூன்று பெட்டித் தக்காளிக்கு மேல். அனுமதித்த எடையைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 2019 திருத்தத்தில் வந்தது இது.

சரி தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றை நானே கேட்டுக்கொள்கிறேன். மூலையில் கிடைக்கும் ஒரு சாண் இடத்துக்கு இவ்வளவு யோசிக்கிறோம். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எட்டடிக்கு மேல் நீளமுள்ள மொத்தப் பாடியும் காலியாக வருகிறதே! வண்டியில் அதைவிடப் பெரிய காலியிடம் ஏது? காலி வண்டிக்கும் டீசல் உண்டு, டயர் தேய்மானம் உண்டு, உங்கள் தூக்கமும் உண்டு.

நான் ஓட்டும்போது திரும்பி வருவதற்கு இரண்டு ஊர் வைத்திருந்தேன். ஒன்று பெரும்பாவூர், பிளைவுட் தொழில் பெரிதாக நடக்கும் ஊர். இன்னொன்று கோயம்புத்தூர், பம்பு செட்டும் கிரைண்டரும் நம் பக்கத்துக் கடைகளுக்கு வந்துகொண்டே இருக்கும். பிளைவுட் பலகை எட்டுக்கு நான்கு அடி. பிக்கப் பாடியில் படுக்கப் போட்டால் கச்சிதமாக உட்காரும். குட்டி யானையின் ஏழடிப் பாடியில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீட்டினால் அதற்கும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. தக்காளி இறக்கிய பாடியைக் கழுவி, துடைத்து, உலர்ந்த சாக்கு விரிக்காமல் பலகை ஏற்றாதீர்கள். ஒரு முறை கறை பட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். காலித் தக்காளிப் பெட்டிகளை என்ன செய்வது என்றால், கேபின் பக்கமாக நெருக்கி அடுக்கிக் கட்டிவிட்டு மிச்ச இடத்துக்குச் சரக்குப் பேசுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு, கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். இதைப் பற்றித் தனியாக ஒரு காணொளி போட வேண்டும், கட்டாயம் போடுகிறேன்.

உங்கள் பெட்டிக்கு அளவு சொல்ல எனக்கு இரண்டு படம் வேண்டும், தம்பி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, குனிந்து வண்டியின் அடிப்பகுதி தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள். டேங்க் எங்கே, சைலன்சர் எங்கே என்று தெரிய வேண்டும். காலி வண்டியில் எடுக்க வேண்டாம். முழு லோடு ஏற்றி, ஸ்பிரிங் பட்டை அமுங்கிய பிறகு எடுங்கள். அப்போது தரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் எத்தனை அங்குலம் இருக்கிறது என்பதையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.