நான் கும்பகர்ணன் கட்சி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கற்பனைப் பாத்திரங்களுக்காக இணையத்தில் இரவு பகலாகச் சண்டை போடும் ரசிகர்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நானும் அந்தச் சண்டைக்காரர்களில் ஒருவன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு தொடரோ நாவலோ முடிகிறது. நமக்குப் பிடித்த பாத்திரம் செத்துப்போகிறது. உடனே ஒருவர் அழுகிறார். இன்னொருவர் அந்தப் பாத்திரத்தின் குழந்தைப் பருவத்தைத் தோண்டி, இவன் இப்படி ஆனதற்கு அப்பாதான் காரணம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். மூன்றாமவர், செய்த பாவத்துக்கு இந்தச் சாவு போதாது என்கிறார். இதுவரை எல்லாம் ரசனைதான். விடிவதற்குள் பேச்சு பாத்திரத்தை விட்டுவிட்டு, அழுதவர் பக்கம் திரும்பிவிடுகிறது. 'இவனுக்குப் போய்ப் பரிந்து பேசுகிறாயே, நீ எப்படிப்பட்டவள்?' நடுவர் இல்லாத பட்டிமன்றம். மணி அடித்து நிறுத்தவும் ஆள் கிடையாது.

கவனித்தீர்களானால், முழு நல்லவனுக்காக இந்தச் சண்டை நடப்பதில்லை. முழுக் கெட்டவனுக்காகவும் நடப்பதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்டவன், ஏதோ ஒரு பிழையால் வீழ்கிறவன், அவன்தான் துன்பியலுக்கு ஏற்றவன் என்று அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். ரசிகர்கள் யாரும் அவரைப் படித்துவிட்டு வருவதில்லை. ஆனாலும் நேராக அந்தப் பிழையின் மேல்தான் கை வைக்கிறார்கள். 'அந்த இடத்தில் மட்டும் அவன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால்!' பாதி விவாதங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

என்னுடைய ஆள் கும்பகர்ணன். கம்பனுடைய கும்பகர்ணன். பெரும்பாலானவர்களுக்கு அவனைத் தூங்குமூஞ்சியாகத்தான் தெரியும். எனக்கு அதில் நெடுநாள் வருத்தம் உண்டு. அவையில் அண்ணனின் முகத்துக்கு நேரே, நாம் பேசுவது மானம், பேணுவது காமம் என்று இடித்துச் சொன்னவன் அவன். மல்லர்களை விட்டு எழுப்பி, இராவணன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, அப்போது அவன் கேட்பது என்ன? போர் வந்துவிட்டதா, சானகியின் துயர் இன்னுமா தீரவில்லை என்கிறான். பகைவனின் மனைவி படும் துயரம்தான் அவன் வாயில் முதலில் வருகிறது. கேட்டுவிட்டு, அறிவுரையும் சொல்லிவிட்டு, அது எடுபடவில்லை என்றதும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

களத்தில் தம்பி வீடணன் எதிரே வந்து, இந்தப் பக்கம் வந்துவிடு என்று கெஞ்சுகிறான். நீர்மேல் கோலம் போன்ற இந்த வாழ்வை விரும்பி, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வர மாட்டேன் என்கிறான் கும்பகர்ணன். நீ போ, நீயாவது பிழைத்திரு என்றும் சொல்கிறான்.

இந்த இடத்தில் என் மாணவி ஒருத்தி என்னை மடக்கினாள். 'ஐயா, இராவணனுக்காவது ஆசை கண்ணை மறைத்தது. இவனுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே தப்பின் பக்கம் நின்றவன்தானே பெரிய குற்றவாளி?' நல்ல கேள்வி. செஞ்சோற்றுக்கடன் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாத கேள்வி. அவளுக்கு மறுமொழியாக, கும்பகர்ணனின் கடைசிக் காட்சியைப் படித்துக் காட்டினேன். சுக்கிரீவன் அவன் மூக்கையும் காதுகளையும் கடித்து எடுத்துவிட்டான், கைகால்கள் போய்விட்டன. அந்த நிலையில் இராமனிடம் அவன் உயிர்ப்பிச்சை கேட்கவில்லை. தம்பியைக் காப்பாற்று என்கிறான். பிறகு, மூக்கில்லாத இந்த முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், தலையை அறுத்துக் கடலில் போட்டுவிடு என்கிறான்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'இருந்தாலும் அவன் செய்தது தப்புதான்' என்றாள். தப்புதான்! நான் எப்போது இல்லை என்றேன்? ஒருவனைப் புரிந்துகொள்வது வேறு, அவன் செய்ததைச் சரி என்பது வேறு. ரசிகர்களின் சண்டையில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது. மறுபடியும் சொல்கிறேன், புரிந்துகொள்வது வேறு, சரி என்பது வேறு.

கர்ணனை எடுத்தால் இன்னொரு சிக்கல். எந்தக் கர்ணன்? வியாசரின் கர்ணன் சூதாட்ட மண்டபத்தில் பாஞ்சாலியைப் பற்றிப் பேசிய பேச்சை வானொலியில் திருப்பிச் சொல்ல முடியாது. வில்லிபுத்தூராரின் கர்ணனோ சாகும் தறுவாயில் தன் புண்ணியம் முழுவதையும் குருதியால் தாரை வார்த்துக் கொடுக்கிறான். வியாசரிடம் அந்தக் காட்சியே கிடையாது. ஒருவர் இந்த நூலை வைத்துக்கொண்டும் மற்றவர் அந்த நூலை வைத்துக்கொண்டும் மோதினால் விடிய விடிய மோதலாம். எந்த நூலைப் பேசுகிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவது எளிய மரியாதை.

முடிவு பிடிக்காவிட்டால் மாற்றி எழுதுவதும் புதிதல்ல. நேஹம் டேட் என்பவர் 1681இல் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனைப் பிழைக்க வைத்தார். லியரின் மகள் கார்டிலியாவையும் பிழைக்க வைத்து, அதே நாடகத்தின் இன்னொரு பாத்திரமான எட்கருக்கு மணம் முடித்தார். மூலத்தில் அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை! சேர்த்து வைத்தே தீர வேண்டும் என்ற ரசிக வெறி அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. அந்தத் திருத்திய வடிவம்தான் 1838 வரை ஆங்கில மேடையில் கோலோச்சியது. இன்று இதையே செய்கிற பதினாறு வயதுப் பெண்ணை மூலத்தைக் கெடுக்கிறாள் என்று ஏசுகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிலையத்தார் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். ரசிகர்களுக்குள் இருக்க வேண்டிய நடைமுறைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் கதை எழுதும் 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தில் 'முக்கியப் பாத்திரத்தின் மரணம்' என்று முன்கூட்டியே எச்சரிக்கும் வழக்கம் இருக்கிறது. எச்சரிக்க விரும்பாதவர் விரும்பவில்லை என்றே அறிவித்துவிடலாம். இது சுவையைக் கெடுக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். கும்பகர்ணன் சாவான் என்று தெரிந்துதானே நாம் நூற்றாண்டுக் கணக்காக அவனைப் படிக்கிறோம்?

அடுத்தது, கெட்டவனாக நடித்தவரைத் திட்டிக் கடிதம் எழுதாதீர்கள். கொன்ற எழுத்தாளரையும் மிரட்டாதீர்கள். 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றதற்காக கானன் டாயிலுக்கு வசைக் கடிதங்கள் வந்தன. 1903இல் அவனை உயிரோடு கொண்டுவந்தார். மிரட்டினால் நடக்கும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது; நல்ல பணம் தருவதாகச் சொன்ன பத்திரிகைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

வாலியைப் பற்றி இரண்டு பக்கம் கையில் இருக்கிறது, மறைந்து நின்று அம்பு விட்டது முறையா என்ற அந்தப் பழைய வழக்கு. அதற்கு நேரமில்லை என்று தலையை ஆட்டுகிறார்கள். வணக்கம்.