43 பல்பு, ஒரே ஒரு க்ளிக்: இரவில் ஓடும் கூட்ஸ் வண்டிக்கு வெளிச்சம் போட்டவர்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நேராக ஒரு படத்துக்குள் போய்விடலாம். இதோ, திரையில் வருகிறது. வீடியோவைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு நன்றாகப் பாருங்கள்.

1956 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் யேகர் என்ற சிற்றூர். திறந்தவெளி தியேட்டர், அவரவர் காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கிறார்கள். முன்னால் கூரையைத் திறந்துவிட்ட ஒரு காரில் ஒரு ஜோடி. வெள்ளித்திரையில் ஒரு ஜெட் விமானம். பின்னால், வெள்ளை வெளேரென்று புகையைக் கக்கிக்கொண்டு நீராவி எஞ்சின் ஒன்று கூட்ஸ் வண்டியை இழுத்துக்கொண்டு போகிறது. கார்களோ திரையைப் பார்த்தபடி நிற்கின்றன. அந்த ஊருக்கு அந்த வண்டி அவ்வளவு பழக்கம். அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

எடுத்தவர் வின்ஸ்டன் லிங்க். புரூக்ளினில் பிறந்தவர், சிவில் இன்ஜினியரிங் படித்தவர், விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்தவர். 1955 ஜனவரியில் வேறொரு வேலையாக வர்ஜீனியா போனவர், பக்கத்தில் இருந்த வெய்ன்ஸ்பரோ ஸ்டேஷனில் இரவில் ஒரு ரயிலைப் படம் எடுத்தார். அது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பாதை. மற்ற பெரிய ரயில்வேக்கள் டீசலுக்குத் தாவிக்கொண்டிருந்த காலம் அது. நிலக்கரியை ஏற்றிச் சென்றே வளர்ந்த இந்த ரயில்வே மட்டும் நீராவியை விடவில்லை. ரோனோக் நகரில் இருந்த தன் பட்டறையிலேயே எஞ்சின்களைக் கட்டியது. அதுவும் 1960-இல் முடிந்துபோனது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் லிங்க் சொந்தச் செலவில் திரும்பத் திரும்பப் போய் 2,400 நெகட்டிவ் அளவுக்கு எடுத்துக் குவித்தார். எஞ்சின்களின் சத்தத்தையும் டேப்பில் பதிவு செய்தார்.

சரி, ஏன் இரவு? பகலில் சூரியன் எங்கே நிற்கிறதோ அங்கே இருந்துதான் வெளிச்சம் வரும். தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது. இரவில் எல்லாமே கறுப்பு. நீங்கள் வெளிச்சம் போடுவது மட்டும்தான் படத்தில் இருக்கும். மின்கம்பமா, குப்பைமேடா, வேண்டாதது எதுவாக இருந்தாலும் இருட்டில் விட்டுவிடலாம். வண்டியும் வேண்டும், அதன் ஓரத்தில் வாழ்கிற மனிதர்களும் வேண்டும், இரண்டும் சம அளவில் தெரிய வேண்டும் என்றால் இந்த வழிதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

இப்போது செய்முறைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

அன்றைய ஃப்ளாஷ் பல்பு ஒரே ஒரு தடவைதான் எரியும். கண்ணாடிக்குள் மெல்லிய உலோக இழை, அதைச் சுற்றி ஆக்ஸிஜன். மின்சாரம் பாய்ந்ததும் பளீரென்று எரிந்து கருகிவிடும். யேகர் படத்துக்கு மட்டும் இப்படி 43 பல்புகள். ஒரு வண்டி, ஒரு க்ளிக், அத்தனையும் காலி. அடுத்த வண்டிக்கு எல்லாவற்றையும் புதிதாக மாட்ட வேண்டும்.

அத்தனை பல்பும் ஒரே நொடியில் எரிய வேண்டுமே? அவற்றை வயரால் தொடர் இணைப்பில் கோத்தார். எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடும், எல்லாம் ஒன்றாக வெடிக்கும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. வரிசையில் ஒன்று சரியாக மாட்டப்படாவிட்டால் அந்த வரிசையே எரியாது. அதனால் மின்சாரப் பெட்டியைத் தானே வடிவமைத்துச் செய்துகொண்டார். படித்த இன்ஜினியரிங் இங்கே கைகொடுத்தது.

அப்புறம் வெளிச்சக் கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். நீராவி எஞ்சினோ முழுக்கக் கறுப்பு, போடுகிற வெளிச்சத்தை விழுங்கிவிடும். புகையும் நீராவியும் நேர்மாறு, பக்கவாட்டில் இருந்து கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே ஜொலிக்கும். அந்தப் படங்களில் புகை அவ்வளவு வெள்ளையாகத் தெரிவது இதனால்தான்.

வேகமும் ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் சுமார் 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். குறுக்கே ஓடினால் அது கோடாக இழுபடும். கேமராவை நோக்கிச் சாய்வாக வந்தால் அவ்வளவாகத் தெரியாது. தூரத்தில் இருந்தால் இன்னும் குறையும்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். யேகர் படத்தில் அந்த விமானம் பிறகு சேர்க்கப்பட்டது. ஃப்ளாஷ் வெளிச்சத்தில் வெள்ளித்திரை வெளிறிப்போகும். அதனால் திரையைத் தனியாக எடுத்து, பிரின்ட் போடும்போது இணைத்தார். காரில் உட்கார்ந்திருக்கும் ஜோடியும் அவர் உட்கார வைத்தவர்கள்தான், காரும் அவருடையது. இது ஏமாற்று என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஊர், அந்த தியேட்டர், அந்த வண்டி எல்லாம் நிஜம். அன்றிரவு அங்கே இருந்தவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் அவர் ஒரே படத்துக்குள் கொண்டுவந்தார்.

இன்றைக்கு நமக்கு வேலை எவ்வளவோ சுலபம். பேட்டரி ஃப்ளாஷ் நாலு, ரேடியோ ட்ரிக்கர் ஒன்று இருந்தால் வயரே வேண்டாம். ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் 200-இல் ஒரு பங்கில் வையுங்கள். பகலிலேயே போய் ஃபோகஸ் செய்து, லென்ஸை மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஃப்ளாஷை பவர் குறைத்துப் போட்டால் அது எரியும் நேரமும் குறையும், வண்டி இன்னும் கூர்மையாக உறையும். எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒவ்வொன்றின் பவரையும் குறையுங்கள்.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். லிங்க் ரயில்வேயின் அனுமதியோடும் ஒத்துழைப்போடும் வேலை செய்தவர். நம் ஊரில் அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்துக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். எழுதிக் கேளுங்கள். கிடைத்தாலும் லோகோ பைலட்டின் கண்ணுக்கு நேராக ஃப்ளாஷ் போடாதீர்கள். இரவில் அவர் சிக்னலைப் பார்த்து ஓட்டுகிறார்.

லிங்க்கின் படங்களை நேரில் பார்க்க ரோனோக்கில் அவர் பெயரிலேயே ஒரு மியூசியம் இருக்கிறது. அதே ரயில்வேயின் பழைய ஸ்டேஷன் கட்டடத்தில், 2004-இல் திறந்தார்கள். அடுத்த வீடியோவில், நாலு ஃப்ளாஷை வைத்து எந்தத் தூரத்துக்கு எவ்வளவு பவர் என்ற கணக்கை எண்களோடு போட்டுக் காட்டுகிறேன். உங்களிடம் என்ன ஃப்ளாஷ் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள், அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.