தடுப்பூசி அட்டையில் மூன்று எழுத்து

வணக்கம் மக்களே. இன்றைக்கு முதலில் ஓர் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இதோ, இந்த நீல அட்டை தெரிகிறதா? கிட்டே காட்டுகிறேன். எங்கள் சுக்குவின் தடுப்பூசி அட்டை. பெயர் சுக்கு, பெண், நிறம் சாம்பல் வரி. இனம் என்ற இடத்தில் டாக்டர் கையால் மூன்று எழுத்து எழுதியிருக்கிறார்: டி.எஸ்.ஹெச்.

போன மாதம் முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் "எங்க பூனை டி.எஸ்.ஹெச்" என்று பீற்றிக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு அக்கா "என்ன விலை இருக்கும்?" என்று கேட்டார். நானும் பதில் சொல்லாமல் ஒரு சிரிப்பு சிரித்து வைத்தேன். இரண்டாவது ஊசிக்குப் போனபோதுதான் டாக்டர் விளக்கினார். டொமஸ்டிக் ஷார்ட் ஹேர். வீட்டுப் பூனை, முடி குட்டை. அவ்வளவுதான். மெக்கானிக் கடை டயருக்குள் கிடந்ததைத் தூக்கி வந்ததற்கு வேறென்ன எழுதுவார்?

ஆனால் அந்த மூன்று எழுத்து என்னை விடவில்லை. கொஞ்சம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்குப்படி, வீட்டில் வளரும் பூனைகளில் 100-க்கு 95-க்கு மேல் சுக்கு மாதிரிதான். பெர்சியன், மெயின் கூன், சயாமீஸ், பெங்கால் எல்லாம் சேர்ந்தே மிச்சமுள்ள சொற்பத்துக்குள் அடக்கம். அதே நாட்டில் நாய்களை எடுத்தால் கிட்டத்தட்ட பாதி ஏதாவது ஓர் இனத்தைச் சேர்ந்தது. பிரிட்டனில் இனப் பூனைகள் கொஞ்சம் கூடுதல், சமீப காலமாக ஏறிக்கொண்டும் வருகின்றன. அங்கே சாதாரணப் பூனைக்கு 'மாகி' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. நம்ம ஊரில் நாட்டுப் பூனை.

நாய்க்கும் பூனைக்கும் ஏன் இந்த வித்தியாசம்? நாயை வேலைக்கு வைத்தோம். ஆடு மேய்க்க ஒன்று, வேட்டைக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று. வேலைக்குத் தகுந்த மாதிரி பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்தோம். பூனைக்கு நாம் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று, எலி பிடிப்பது. அதை யாரும் சொல்லித்தராமலே அது செய்துகொண்டிருந்தது. சுமார் 10,000 வருடத்துக்கு முன்பு மேற்கு ஆசியாவில் தானியம் சேர்த்த இடத்துக்கு எலி வந்தது, எலி பின்னால் காட்டுப் பூனை வந்தது. அதை மாற்றி அமைக்க யாருக்கும் தேவையே வரவில்லை.

இனம் என்ற பேச்சு சூடு பிடித்தது 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் என்ற ஓவியர் நடத்திய பூனைக் கண்காட்சிக்குப் பிறகுதான். இன்று பூனை இனங்களைப் பதிவு செய்யும் சங்கங்கள் ஒப்புக்கொள்ளும் இனங்களில் பெரும்பாலானவை அதற்குப் பின்னால் உருவானவை. அந்தச் சங்கங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது. ஒன்று 45 சொச்சம் இனம் என்கிறது, இன்னொன்று 70-க்கு மேல் என்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்கன் ஷார்ட்ஹேர் கதை. களஞ்சியத்தில் எலி பிடித்த பூனைகளிலிருந்து பொறுக்கி எடுத்த இனம். அதன் பழைய பெயரே டொமஸ்டிக் ஷார்ட்ஹேர்தான்! 1960-களில்தான் பெயரை மாற்றினார்கள். அப்போ என் சுக்கு ஒரு பெயர் மாற்றத் தூரத்தில்தான் இருக்கிறது.

அதனால்தான் 'கலப்பினப் பூனை' என்ற சொல் எனக்கு இடிக்கிறது. கலப்பு என்றால் முதலில் சுத்தமாக நாலு இனம் இருந்து, பிறகு அவை கலந்த மாதிரி அர்த்தம் வருகிறது. நடந்தது தலைகீழ். நாட்டுப் பூனைதான் மாவு. அதிலிருந்து கிள்ளிச் சுட்ட நாலு வடைதான் இந்த இனங்கள்.

ஏய், மைக்கைக் கடிக்காதே... இறங்கு. சரி.

இப்போது மாடி வீட்டு அக்கா விஷயம். சுக்குவோடு அதே டயரில் கிடந்த அண்ணனோ தம்பியோ, ராஜா, அவர்களிடம் வளர்கிறான். வெள்ளைக் கால், விளக்குமாறு மாதிரி வால், கழுத்தைச் சுற்றிப் பிடரி. "பாரு, இது பாதி பெர்சியன்" என்கிறார். இல்லை. நீள முடிக்கான மரபணு ஒடுங்கிக் கிடக்கும் வகை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் முடி நீளும். குட்டை முடிப் பெற்றோருக்கே இப்படி ஒன்று பிறக்கலாம். இன்னொரு சங்கதி தெரியுமா? ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்கலாம். பெண் பூனை சூட்டுக்கு வரும்போது தெருவில் எத்தனை கடுவன் காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுக்குவின் அப்பாவும் ராஜாவின் அப்பாவும் ஒரே ஆள்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

முடி, நீலக் கண், தட்டை மூக்கு, இதெல்லாம் இனத்துக்குச் சான்று இல்லை. பல தலைமுறைக்குத் தாய் தகப்பன் பெயர் எழுதிய, சங்கத்தில் பதிந்த காகிதம்தான் சான்று. நம்ம ஊர்க் கடைகளில் டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று மூக்கு எவ்வளவு தட்டை என்பதை வைத்து விலை சொல்கிறார்கள். ஒரு கடையில் "பேப்பர் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு சார்" என்று எடுத்து நீட்டினார். பார்த்தால் இதே மாதிரி தடுப்பூசி அட்டை! அதில் கடைக்காரரே 'பெர்சியன்' என்று எழுதியிருந்தார். கூண்டுக்குள் குட்டிக்கு இரண்டு கண்ணிலும் நீர் வடிந்து, மூக்கோரம் பழுப்பாகக் கோடு விழுந்திருந்தது. மூக்கு உள்ளே போகப் போகக் கண்ணீர் இறங்கும் வழி வளைந்து அடைபடும், மூச்சும் இரைக்கும். அதைத்தான் அழகு என்று கூடுதலாக விலை போடுகிறோம்.

பெர்சியன் வளர்ப்பவர்கள் கோபப்பட வேண்டாம். தினமும் கண்ணைத் துடையுங்கள், முடியைச் சீவுங்கள். பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் ஒன்று அந்த இனத்தில் அதிகம், மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும், டாக்டரிடம் கேளுங்கள்.

நேற்று ராஜாவுக்கு முதல் ஊசி. நானும் கூடப் போனேன். டாக்டர் அட்டையில் டி.எல்.ஹெச் என்று எழுதினார். லாங் ஹேர், முடி நீளம், அவ்வளவுதான் என்று படி இறங்கும்போதே அக்காவிடம் விளக்கிவிட்டேன். சாயங்காலம் பால்காரரிடம் அவர் சொன்னது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது: "கீழ் வீட்டுது வெறும் டி.எஸ்.ஹெச். நம்மளுது டி.எல்.ஹெச்."