பரணில் கிடக்கும் டிவி கேம்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம் சேகரிக்க ஆசைப்படும் இளைஞர்கள் குன்னூர், கோத்தகிரி பக்கம் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். அட்டைப்பெட்டி கசங்காத ஜப்பானிய நிண்டெண்டோ. "இதை வாங்கலாமா சார்?" என்பார்கள். இப்போதைக்கு வேண்டாம் தம்பி, முதலில் உன் வீட்டுப் பரணில் ஏறிப் பார் என்பேன்.

காரணம் இருக்கிறது. படத்தில் இருப்பது ஃபேமிகாம், நிண்டெண்டோவின் டிவி கேம் பெட்டி. 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த அது, அந்த நாட்டின் 100 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. அதன் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அதோடு கதை முடிந்தது. அது அனுப்பும் சேனலும் ஜப்பானிய சேனல். நம்மூர் டிவியில் அதைப் பிடிப்பதே பாடு, பிடித்தாலும் பழைய டிவிகளில் நிறம் வராது. தொடக்கக்காரருக்கு எதற்கு இந்தத் தலைவலி?

தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்ததில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் விற்றார்கள். நமக்கு எல்லாமே டிவி கேம்தான். அதில்தான் மாரியோ, கான்ட்ரா, டேங்க், ரோட் ஃபைட்டர் எல்லாம் ஆடினோம். "பிக்சர் டியூப் போயிரும், அணைடா" என்று அப்பா அதட்டியதும் அதற்காகத்தான். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களில் சிலர் நகல் என்றாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அசல் நிண்டெண்டோவைப் பற்றி எழுதி, படம் பிடித்து, பிரித்துப் போட்டுக் காட்ட உலகமெங்கும் ஆள் இருக்கிறது. நம் வீட்டு டிவி கேமை எடுத்துவைக்கத்தான் ஆள் குறைவு. அது நேராகக் காயலாங்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கையில் ஒன்று கிடைத்தால் அடியில் உள்ள திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இரண்டு பெரிய சில்லுகள், ஒவ்வொன்றுக்கும் 40 கால்கள், மேலே 6527, 6538 என்ற மாதிரி எண்கள் இருந்தால் சந்தோஷப்படலாம். அது பழைய தலைமுறை, ஒரு சில்லு போனாலும் மாற்ற முடியும். சில்லே தெரியாமல் பலகை நடுவில் கருப்பாக ஒரு பசைக் கட்டி மட்டும் இருந்தால், எல்லாவற்றையும் ஒன்றாக அடக்கிய பிந்தைய மலிவுத் தயாரிப்பு. ஓடும்வரை ஓடும், கெட்டால் அவ்வளவுதான். வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். பார்க்க பிளேஸ்டேஷன் போலவே இருந்து, மூடியைத் திறந்தால் கேசட் செருகும் வாய் இருக்கும் பெட்டிகளும் உண்டு.

கேசட்டிலும் அப்படித்தான். '9999 இன் 1' என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது சில பத்து ஆட்டங்கள், மற்றதெல்லாம் அதே ஆட்டத்தை வேறு கட்டத்திலிருந்து தொடங்குவது. சின்ன வயதில் இதைக் கண்டுபிடிக்கப் பாதி கோடை விடுமுறை போய்விடும்.

அடுத்து டிவி. இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். 2006-இல் தொடங்கி அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி ஞாபகம் இருக்கிறதா? எஸ்டேட் லைன் வீடுகளில் இன்னும் பல கிடக்கின்றன. பழைய கேமுக்கு அதைவிடப் பொருத்தமான டிவி கிடையாது. வாத்து சுடும் ஆட்டத்துக்குத் துப்பாக்கி கொடுப்பார்களே, அது தட்டையான எல்இடி டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடிப்பொழுது கருப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் உள்ள ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் குறி தப்பவில்லை என்று கணக்கு. புது டிவிகள் படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டும், அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். டியூப் டிவியில் அந்தத் தாமதம் இல்லை. ஒரே எச்சரிக்கை: டியூப் டிவியின் பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ளே தேங்கி நிற்கும், அணைத்த பிறகும்.

இனி நம் மலையின் சங்கதிக்கு வருகிறேன். சமவெளிக்காரர் சொல்லும் பராமரிப்பு யோசனை இங்கே அப்படியே பொருந்தாது. கூடலூரில் தென்மேற்குப் பருவமழை, குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை, ஊட்டியில் நினைத்தபோதெல்லாம் மூடுபனி. பீரோவுக்குள் பெல்ட் பூஞ்சணம் பூக்கிற ஊரில் கேசட்டின் செப்புத் தகடுகள் என்ன பாடுபடும்? பச்சை படரும். பிளேஸ்டேஷன் குறுந்தகடுகளிலும் பூஞ்சை பிடிக்கும். ஆகவே திறந்த அலமாரியில் அழகுக்கு அடுக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் ஈரம் ஏறியது தெரியும், சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். மேட்டுப்பாளையம் வெயிலில் வாங்கிய பெட்டியை மார்கழிக் குளிரில் மேலே கொண்டுவந்தால் பிரச்சினையில்லை. குளிர்ந்து கிடந்ததைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால்தான் உள்ளே நீர்த்துளி படியும். சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள்.

ஈரம் போகட்டும் என்று வெயிலில் காயவைப்பவர்களும் உண்டு. அதுவும் கூடாது. உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் கூடும், ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்பார்கள். பழைய பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் கலவைகள் அந்தக் கதிரில் சிதைந்து, வெள்ளைப் பெட்டி மஞ்சளாகிவிடும். ஹீட்டர் பக்கமும் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும்.

கேசட் ஓடவில்லையா? எல்லோரும் செய்வது வாயால் ஊதுவது. எச்சிலின் ஈரம்தான் தகட்டுக்குப் பகை, இங்கே ஏற்கெனவே ஈரத்துக்குக் குறைவில்லை. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தகட்டைத் துடைத்து, முழுதாகக் காயவிட்டுச் செருகுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எத்தனை வோல்ட், பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்பதைப் பெட்டியில் போட்டிருக்கும் குறியோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். கோவைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போகும்போது டிவி கேமையே கையோடு எடுத்துப் போனால் கடைக்காரரிடம் விளக்கும் வேலை மிச்சம்.

கையில் பிடித்து ஆடும் நிண்டெண்டோவின் கேம்பாய் வாங்க நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. போகிமான் போன்ற கேசட்டுகளுக்குள் பொத்தான் பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் சேமித்த ஆட்டமும் போகும். கழற்றும்போதும் போய்விடும் என்பதால் பழைய உரிமையாளரின் ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யாரிடமாவது டிவி கேம் வாங்கினால் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கடை, என்ன விலை, யார் யார் ஆடினார்கள் என்று ஒரு தாளில் எழுதி அந்த டப்பாவிலேயே போட்டுவையுங்கள். நகல் பெட்டிகள் பலவற்றில் தயாரித்தவர் பெயரோ ஆண்டோ இருக்காது. அந்தத் தாளைத் தவிர அதற்கு வேறு ஜாதகம் கிடையாது. டப்பாவுக்குள் சிலிகா ஜெல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

நன்றி, வணக்கம்.