பெரிய கிளப்பைச் சின்ன ஊருக்கு வரவைக்கும் கோப்பை

வணக்கம் நேயர்களே. பிரெஞ்சுக் கால்பந்து என்றதும் நம்மில் பலருக்கு பி.எஸ்.ஜி. என்ற பாரிஸ் கிளப், அதில் ஆடிய எம்பாப்பே, கொஞ்சம் தீவிரமாகப் பார்ப்பவர்களுக்கு மார்சேய், லியோன், இவ்வளவுதான் ஞாபகம் வரும். லீக் பட்டத்தை யார் தட்டிக்கொண்டு போவார்கள் என்று சீசன் தொடங்கும்போதே பாதி தெரிந்துவிடுகிறது. அதனால்தான் இன்று லீக்கை விட்டுவிட்டு, கூப் த பிரான்ஸ் என்ற பிரெஞ்சுக் கோப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதல் உலகப் போர் இன்னும் முடியாத 1917-18 சீசனில் 48 கிளப்புகளோடு ஆரம்பித்த போட்டி இது. 1915இல் போரில் உயிரிழந்த சார்ல் சிமோன் என்ற கால்பந்து நிர்வாகியின் பெயரைக் கோப்பைக்கு வைத்தார்கள். இன்றைக்கு 7,000க்கும் மேற்பட்ட கிளப்புகள் ஆடுகின்றன. கீழ்மட்ட ஊர் கிளப்புகள் முதல் சுற்றிலிருந்தே ஆடி ஆடி மேலே வரவேண்டும், இரண்டாம் டிவிஷன் கிளப்புகள் ஏழாவது சுற்றில் சேரும், லீக் 1 எனும் முதல் டிவிஷன் பெரிய தலைகள் அதற்கும் பிறகு 64 அணிகள் இருக்கும்போதுதான் களத்துக்கு வரும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு விதி. குலுக்கலில் எதிரணியைவிட இரண்டு டிவிஷனோ அதற்கு மேலோ கீழே இருக்கும் கிளப் வந்தால், ஆட்டம் அந்தச் சின்ன கிளப்பின் மைதானத்தில்தான். கோடிகளில் புரளும் கிளப் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போயாக வேண்டும்.

இந்தக் கோப்பையில் எதுவரை போக முடியும் என்று காட்டியது கலே. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் துறைமுக ஊர். 2000ஆம் ஆண்டில் அந்த ஊர் கிளப் நான்காம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது, ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். அவர்கள் லில், கான், ஸ்ட்ராஸ்பூர்க் என்று ஒவ்வொன்றாகச் சாய்த்து, அரையிறுதியில் அப்போதைய பிரான்ஸ் சாம்பியன் போர்தோவையே கூடுதல் நேரத்தில் 3-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இறுதி ஆட்டம் மே 7, ஸ்டாட் த பிரான்ஸ் அரங்கம், எதிரே நான்ட் கிளப். முப்பத்து நாலாவது நிமிடத்தில் ஜெரோம் துதீத்ர் கோல் போட்டு கலேயை முன்னிலைக்குக் கொண்டுபோனார். இடைவேளைக்குப் பிறகு சிபியர்ஸ்கி சமன் செய்தார், கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியையும் அவரே உள்ளே தள்ள, 2-1 என்று ஆட்டம் கைநழுவிப் போனது. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நான்ட் அணியின் கேப்டன் லான்ட்ரோ, கோல் கீப்பர், இருபது வயதுப் பையன், கோப்பை வாங்கப் போகும்போது கலே கேப்டன் ரெஜினால்ட் பெக்கையும் கூட்டிக்கொண்டு போய் இருவருமாகத் தூக்கினார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை இந்தப் பெருந்தன்மை. பதினெட்டு வருடம் கழித்து, மூன்றாம் டிவிஷன் லெஸ் எர்பியே இறுதி ஆட்டத்தில் பி.எஸ்.ஜி.யிடம் தோற்றபோது அந்த அணியின் கேப்டன் தியாகோ சில்வாவும் அப்படியே செய்தார்.

கடல் கடந்தும் கிளப்புகள் வருகின்றன. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் சான் பியர் அணி 2020இல் பிரான்ஸ் மண்ணுக்கே வந்து இரண்டாம் டிவிஷன் நியோரை 2-1 என்று வென்றது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் தமிழர்களின் வாரிசுகள் இன்றும் வாழும் தீவு அது.

லீக் கோப்பை என்று இன்னொன்றும் இருந்தது, 1994-95இல் ஆரம்பித்தது. தொழில்முறை கிளப்புகளுக்கு மட்டும்தான் இடம், அதிலும் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் பெரிய கிளப்புகள் தாமதமாக வந்து சேரலாம். 2000இல் இரண்டாம் டிவிஷன் குன்யோன் பி.எஸ்.ஜி.யை 2-0 என்று இறுதி ஆட்டத்தில் வென்றதெல்லாம் அருமையான கதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போகப்போக ஒளிபரப்பு உரிமை வாங்கவே ஆள் இல்லாமல் போய், 2020 ஜூலையோடு கதை முடிந்தது. பெரியவர்களுக்கு வசதி செய்து கொடுத்த கோப்பை மூடப்பட்டது, எல்லாரையும் உள்ளே விட்ட கோப்பை நூறு வருடம் தாண்டி நிற்கிறது. இது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம்.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் ஆறாம் டிவிஷன் பேய் த கசல் அணிக்குக் குலுக்கலில் எதிரணியாக பி.எஸ்.ஜி. வந்தது. ஆட்டம் எங்கே நடந்தது? லான்ஸ் கிளப்பின் பெரிய அரங்கில். எம்பாப்பே மட்டும் 5 கோல், மொத்தம் 7-0. கலேயும் போர்தோவை வென்றது அதே லான்ஸ் அரங்கில்தான், ஒரு ஊரே திரண்டு வரும்போது இடம் வேண்டும், சரி. ஆனாலும் பாதுகாப்பு, டிவி கேமரா என்று காரணம் சொல்லி ஆட்டத்தை இடம் மாற்றிக்கொண்டே போனால், சின்ன கிளப்பின் மைதானத்தில் ஆட்டம் என்ற அந்த விதி பேப்பரில் மட்டும்தான் இருக்கும். பிரெஞ்சுக் கால்பந்து சம்மேளனம் கீழ்மட்ட கிளப்புகளின் மைதானங்களைச் சீர்செய்யப் பணம் ஒதுக்கட்டும், மூவாயிரம் பேர்தான் உட்கார முடியும் என்றாலும் பி.எஸ்.ஜி. அங்கேயே போய் ஆடட்டும். நன்றி, வணக்கம்.