கடலடி பார்த்து அச்சு எடுங்க: வீட்டுல ஈயக்குண்டு வார்க்கும் முறை

[கன்னியாகுமரி மாவட்டம், முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள். தூண்டில்காரர் ஒருவர் பாரில் (கடலடிப் பாறையில்) சிக்கிய கங்கூசை (நைலான் தூண்டில் நரம்பை) இழுத்து அறுக்கிறார்.]

மக்களே, வணக்கம். முட்டத்துப் பாறையில நின்னு தூண்டில் போடுறவரும், மணக்குடி காயல்ல வீச்சுவலை எறியுறவரும் ஒரே கடையில ஒரே ஈயத்தை வாங்கினா, ரெண்டு பேருல ஒருத்தருக்கு அது சரிப்படாது. பாறை இடுக்குல உருண்டைக் குண்டு போய் உக்காந்துக்கும், திரும்பி வராது. மணல்ல அதே உருண்டை நீரோட்டத்துக்கு உருண்டுக்கிட்டே கிடக்கும். அதனாலதான் சொந்தமா அச்சு செஞ்சு வார்க்கணும்னு பல பேரு கேக்குறாங்க. செய்யலாம். ஆனா "எத்தனை கிராம்"னு கேக்குறதுக்கு முன்னாடி, "எந்தக் கடலடி"ன்னு கேளுங்க. அச்சோட வடிவத்தை அதுதான் தீர்மானிக்கும்.

[மேசையில் மூன்று எடைகள்: கருங்கல், இரும்பு நட்டு, ஈயக்குண்டு.]

ஈயம் ஏன்? ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.34 கிராம். கரையில 100 கிராம் இருக்கிற கருங்கல் கடல்தண்ணிக்குள்ள போனா ஏறத்தாழ 62 கிராம்தான் இழுக்கும். இரும்பு 87. ஈயம் 91. சின்ன உருவம், பெரிய இழுவை, நீரோட்டம் பிடிச்சுத் தள்ள இடமும் கம்மி. கூடவே 327 டிகிரியிலயே உருகிடும், சாதாரண அடுப்பு போதும். இவ்வளவு சுலபமா உருகுறதுதான் இதுல இருக்கிற ஆபத்தும். அதைப் பத்திப் பிறகு சொல்றேன்.

இணையத்துல ஈயம் வார்க்கிற வீடியோ தேடினீங்கன்னா நிறைய அமெரிக்காக்காரங்க வீட்டுல துப்பாக்கிக் குண்டு வார்க்கிறதுதான் வரும். நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கக் கூடாது, அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனா அவங்க அச்சு செய்யுற நுணுக்கம் இருக்கே, அது நமக்கு அப்படியே உதவும். காத்து வெளியேற மெல்லிய கோடு, ஊத்துற வாயை வெட்டி விடுற தகடு, அச்சைச் சூடாக்கி வேலை செய்யுற பழக்கம், இந்த மூணையும் அங்க இருந்து எடுத்துக்கலாம்.

[வடிவங்களின் படம்: நீளக் குச்சி, கூர்நுனிக் கோபுரம், தட்டைக் காசு, துளையிட்ட மணி.]

பாறைக்கு நீளமா மெலிஞ்ச குச்சி வடிவம். முட்டம், கடியப்பட்டணம் மாதிரி இடத்துல இடுக்குல விழுந்தாலும் நிமிர்ந்து வர வாய்ப்பு அதிகம். அதுலயும் குண்டைக் கட்டுற துண்டுக் கங்கூசு, மெயின் கங்கூசைவிட மெலிசா இருக்கட்டும். சிக்கினா குண்டு மட்டும் போகும், மீன் தப்பாது. மணல் கரைக்கு நாலு பட்டைக் கோபுரம், முனை கீழ பார்த்து மணல்ல குத்தி நிக்கும். தேங்காப்பட்டணத்துல குழித்துறை ஆறு கடல்ல சேருற இடம் மாதிரி ஓட்டம் இருக்கிற முகத்துவாரத்துக்குத் தட்டைக் காசு. வீச்சுவலைக்கு நடுவுல துளை உள்ள மணி.

எடையைக் கூட்டும்போது ஒண்ணு கவனிங்க. உருண்டையில 50 கிராமுக்கு விட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். 100 கிராமுக்கு 25.6. 200 கிராமுக்கு 32. எடை ரெட்டிப்பானாலும் விட்டம் நாலுல ஒரு பங்குதான் கூடுது. அதனால அச்சுல ஒரு மில்லி தப்பினா எடையில நல்லாவே தெரியும். வெர்னியர் அளவுகோல் வச்சு அளந்து கொடுங்க, கண்ணளவு வேண்டாம்.

[இரண்டு அலுமினியப் பலகைகள் கிளாம்ப் போட்டு இறுக்கப்படுகின்றன. துளைக் கருவி மூட்டுக்கோட்டின் மேலேயே இறங்குகிறது.]

இப்போ அச்சு. என் தேர்வு அலுமினியம்தான். வார்ப்பிரும்பைவிட மூணு மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும், லேசா இருக்கும், கை வலிக்காது. அது உருக 660 டிகிரி வேணும், நம்ம ஈயம் அதைத் தொடவே போறதில்ல. வார்ப்பிரும்பு நல்ல பொருள்தான், ஆனா நம்ம உப்புக்காத்துல ஒரு மழைக்காலம் தாங்காது, துரு ஏறிடும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல அச்சு எடுக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு என் பதில் வேண்டாம்னுதான். தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அந்தப் பொடி இறுகுறதே தண்ணியை உள்ளுக்குள்ள பிடிச்சு வச்சுக்கிட்டுத்தான். 350 டிகிரி ஈயம் உள்ள போனதும் அந்தத் தண்ணி ஆவியா வெளிய வரும், ஈயத்தையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு வரும். கடற்கரை ஈர மணல்ல குழி குத்தி ஊத்துறது இதைவிட மோசம்.

அலுமினிய அச்சுக்குக் கம்ப்யூட்டர் மெஷின்தான் வேணும்னு இல்ல. நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் மாதிரி லேத்துப் பட்டறை இருக்கிற இடத்துல 25 மில்லி கனத்துல ரெண்டு அலுமினியப் பலகை வெட்டி வாங்குங்க. ரெண்டையும் சேர்த்து இறுக்கி, முதல்ல ரெண்டு மூலையில 6 மில்லி எஃகுப் பின் இறக்கச் சொல்லுங்க. எத்தனை தடவை திறந்து மூடினாலும் அதே இடத்துல உக்காரணும், அதுக்குத்தான் பின். அப்புறம் ரெண்டு பலகையும் சேர்ற கோட்டுல நடு வச்சு 16 மில்லி பிட்டை இறக்கணும். முழு அகலத்துல 44 மில்லி ஆழம் போனா ஏறத்தாழ 100 கிராம் குச்சி. பிட்டோட கூம்பு நுனி இன்னும் மூணு நாலு கிராம் தரும். பலகையைப் பிரிச்சா ஆளுக்குப் பாதிக் குழி. பாறைத் தூண்டிலுக்கு இதைவிட எளிமையான அச்சு எனக்குத் தெரியல.

கங்கூசு கட்டுற கம்பிக் காதுக்கு மூட்டுக்கோட்டுல ஒரு சின்னப் பள்ளம் கீறிக்கணும். பித்தளைக் கம்பியையோ ஸ்டெயின்லெஸ் கம்பியையோ வளைச்சு, வால் ரெண்டும் குழிக்குள்ள விரிஞ்சு நிக்கிற மாதிரி வச்சு மூடினா, ஈயம் அதைக் கவ்விக்கும். நேரா இருக்கிற கம்பி வழுக்கி வந்துரும், விரிச்சு விடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி லேத்துக்காரர்கிட்ட, "அண்ணாச்சி, மூடி வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. "ஈயம் கெட்டிதானே தம்பி, லேசா இடைவெளி இருந்தா என்ன"ம்பாரு. அந்த இடைவெளியில ஈயம் தகடாப் பரவி உறைஞ்சா, ஒவ்வொரு குண்டுக்கும் பிசிறு சீவணும். அந்தச் சீவல்தான் வீட்டுக்குள்ள பரவுற ஈயத்தூள். அதனால வெளிச்சம் தெரியவே கூடாது. ஆனா குழியில இருந்து வெளிய வரைக்கும் ஊசியால கீறின ரெண்டு மூணு மெல்லிய கோடு கண்டிப்பா வேணும். காத்து அது வழியாப் போகும், ஈயம் போகாது. அந்தக் கோடு இல்லாத அச்சுல மூலை நிறையாது. கோபுர வடிவத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

துளை மணிக்கு ஒரு 3 மில்லி எஃகுக் கம்பி குழிக்குக் குறுக்கே போகணும். மெழுகுவர்த்திச் சுடர்ல காட்டிக் கரி பிடிக்க வச்சு மாட்டுங்க. ஈயம் உறைஞ்சதும், ஆறுறதுக்கு முன்னாடி, பிளேயரால ஒரு சுத்து திருப்பி உருவுங்க. நல்லா ஆறிட்டா ஈயம் கம்பியை இறுக்கிடும், அப்புறம் அடிச்சுத்தான் எடுக்கணும்.

[தகரக் கொட்டகை. நாலு பக்கமும் திறப்பு. தனி அடுப்பு, கனத்த இரும்புச் சட்டி.]

எப்போ வார்க்கிறது? படகு கரையேறுற காலத்துலதான் நமக்கு வலை, தூண்டில் வேலைக்கெல்லாம் நேரம். நம்ம மாவட்டத்துல கிழக்குக் கரையான சின்னமுட்டம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்குப் பக்கத்துக்காரங்களுக்கு அது சரியா மழைக்காலம். உருகின ஈயத்துக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இறங்கினா, அது 1,600 மடங்குக்கு மேல ஆவியா விரியும். சட்டியில இருக்கிறது முகத்துல வரும். மேல கூரை கண்டிப்பா வேணும், வேர்வை சொட்டுற நெத்தியில துணி கட்டிக்கணும். சிமெண்டுத் தரையில நேரா சிந்த விடாதீங்க, ஈரம் குடிச்ச சிமெண்டும் பொரிஞ்சு தெறிக்கும். கீழ உலர்ந்த தகடு போடுங்க.

பழைய வலையில இருந்து கழட்டின ஈயத்துக்குள்ள உப்பும் ஈரமும் ஒளிஞ்சிருக்கும். அதை எப்பவும் ஆறின சட்டியில முதல்லயே போட்டு, அடுப்பை அப்புறம் பத்த வைங்க. உருகிக்கிட்டிருக்கிற சட்டியில புதுசா எதையும் போடாதீங்க. கார் சக்கரத்தைச் சமன்படுத்த மாட்டுற எடை வாங்கினா கட்டிங் பிளேயரால கடிச்சுப் பாருங்க. ஈயம்னா பதிஞ்சிடும், துத்தநாகம்னா பிளேயர் பல்லுக்கே மசியாது. துத்தநாகம் உருக 419 டிகிரி ஆகும், அதனால வெப்பமானி வச்சு 400-க்குள்ள நிறுத்தினா தப்பி விழுந்ததும் மேல மிதக்கும், அள்ளிடலாம். பழைய பேட்டரியை உடைக்கவே உடைக்காதீங்க. அமிலமும் விஷப்புகையும் வரும். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கிட்டதான் போகணும்.

[அச்சு சட்டியின் விளிம்பில் சூடேறுகிறது. கரண்டி. முதல் ஊற்று.]

அச்சைச் சட்டி ஓரத்துல வச்சுச் சூடாக்குங்க. குளிர்ந்த அச்சுல ஊத்தினா பாலாடை சுருங்கின மாதிரி மேல மடிப்பு விழும். அச்சு ரொம்பச் சுட்டா உறைய நேரமாகும், மேல்பரப்பு வெள்ளையாப் பனி படிஞ்ச மாதிரி மங்கி வரும். முதல் நாலஞ்சு குண்டு எப்பவுமே கோணலாத்தான் வரும், திரும்பச் சட்டிக்கே போகட்டும். ஆனா நல்லா காஞ்சதைப் பார்த்துட்டு, வேலையை நிறுத்தி, சட்டி ஆறின பிறகு போடுங்க.

கரண்டியால ஒரே மூச்சுல, நிக்காம ஊத்தணும். நிறைஞ்சாலும் நிறுத்தாதீங்க, ஊத்துவாயில ஒரு சின்னக் குளம் நிக்கட்டும். உள்ள உறையும்போது ஈயம் மூணு சதவீதத்துக்கு மேல சுருங்கும். சுருங்குற இடத்தை அந்தக் குளம்தான் நிரப்பும். குளம் இல்லாத குண்டை அறுத்துப் பாருங்க, நடுவுல பொந்து இருக்கும். அந்தக் குளத்தோட பளபளப்பு மங்கி, நடுவுல குழி விழுந்ததும் கொஞ்சம் பொறுத்துத் திறங்க. தட்ட வேண்டியிருந்தா மரச்சுத்தியல் மட்டும். சீக்கிரம் ஆறட்டும்னு அச்சைத் தண்ணியில முக்கவே கூடாது.

சாரம் (கைலி) கட்டிக்கிட்டு வெறுங்காலோட இந்த வேலைக்கு நிக்காதீங்க. முழு பருத்திக் கால்சட்டை, மூடின தோல் செருப்பு, தோல் கையுறை, கண்ணாடி. நைலான் துணி உடம்போட ஒட்டிக்கும்.

[சட்டி மேல் மிதக்கும் சாம்பல் நிறக் கசடு. கரண்டி அதை வழித்து மூடியுள்ள டப்பாவில் போடுகிறது.]

புகையைவிட எனக்குப் பயம் இந்தச் சாம்பல்தான். 400 டிகிரிக்குள்ள வேலை செஞ்சா ஆவி ரொம்பக் கம்மி. ஆனா கசடு பொடியா இருக்கும், கையில ஒட்டும், கையில இருந்து வாய்க்குப் போகும். குழந்தைங்க ரத்தத்துல ஈயம் இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், போனது திரும்பாது. அதனால அடுக்களை அடுப்புல வேண்டாம், சோறு வைக்கிற பாத்திரத்துல வேண்டாம், பிள்ளைங்களும் கர்ப்பிணிப் பெண்களும் பக்கத்துல வேண்டாம். நம்ம கடற்கரை ஊருல வீடு வீட்டோட ஒட்டிக் கிடக்கு. பகல்ல கடக்காத்து எல்லாத்தையும் வீட்டுப் பக்கம் தள்ளும். விடியக்காலையில கரைக்காத்து கடலைப் பார்த்து வீசும்போது வேலையை முடிக்கிறது நல்லது. வேலை நடக்கும்போது பீடி, வெத்திலை, டீ எதுவும் கூடாது. சின்ன ஈயத்தைப் பல்லால கடிச்சு இறுக்குற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுருங்க.

அச்சு ஆறினதும் துணியால துடைச்சு, பின் இருக்கிற இடத்துல மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். அலுமினியமும் எஃகும் சேர்ற இடத்தை உப்புக்காத்து அரிக்கும். அடுத்த தடவை ஊத்துறதுக்கு முன்னாடி அந்த எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, நல்லா காய வச்சு, சூடாக்கி எடுங்க. கசடு டப்பாவைக் குப்பையில கொட்டாதீங்க, கோழி கொத்தும். மூடி போட்டு, ஈயம்னு எழுதி ஒட்டி, பிள்ளைங்களுக்கு எட்டாத இடத்துல வச்சு, நிறைஞ்சதும் ஈயம் மறுசுழற்சி செய்யுற உரிமம் உள்ளவங்ககிட்ட கொடுங்க. போட்டிருந்த துணியைத் தனியாத் துவைங்க, குளிச்சிட்டு அப்புறம் பிள்ளையைத் தூக்குங்க.